சம்பளம் கொடுத்துக் கோடிங் சொல்லிக்கொடுக்கும் கம்பெனிகள்: ஜோஹோ, டெக்பீ, வில்ப், அப்ரண்டிஸ் – யாருக்கு எது?

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் தமிழ்நாட்டில் பல வீடுகளில் இந்தப் பேச்சு நடக்கும். நாலு வருஷம் இன்ஜினியரிங் காலேஜுக்குப் பணம் கட்டுவதா, இல்லை மாதாமாதம் ஸ்டைபண்டும் (பயிற்சிக்கால உதவித்தொகை) கொடுத்து, வேலையும் கற்றுத்தந்து, அங்கேயே வேலைக்கும் எடுத்துக்கொள்ளும் கம்பெனிக்குப் பிள்ளையை அனுப்புவதா? நான் சென்னையில் டெவலப்பர். புதிதாகச் சேர்பவர்களை நேர்காணல் செய்வதும் என் வேலையில் ஒரு பகுதி. இந்தக் கேள்வியோடு வரும் சொந்தக்காரர்களிடமும் தெரிந்தவர்களிடமும் சொல்வதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

ஸ்டைபண்டை வைத்து ஒப்பிட ஆரம்பித்தால் ஒரு முடிவுக்கும் வர முடியாது. எல்லா இடத்திலும் எட்டாயிரம், பத்தாயிரம், பதினைந்தாயிரம் என்றுதான் வந்து நிற்கும். நான் பார்க்கச் சொல்வது வேறு. இரண்டாவது வருஷத்தில் ஏதோ ஒரு காரணத்தால் பிள்ளை வெளியே வர வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உடம்பு சரியில்லை, பிடிக்கவில்லை, கம்பெனியே வேண்டாம் என்றுவிட்டது, எதுவாகவும் இருக்கலாம். அன்றைக்கு அவன் கையில் என்ன இருக்கும், தலையில் எவ்வளவு கடன் இருக்கும்? இதை வைத்துப் பார்த்தால்தான் இந்தத் திட்டங்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறானவை என்று தெரியும்.

ஜோஹோ ஸ்கூல்ஸ்

சாஃப்ட்வேர் கம்பெனியான ஜோஹோவுக்கு ஏட்வென்ட்நெட் என்று பெயர் இருந்த காலத்திலேயே அதன் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு தொடங்கி வைத்த பள்ளி இது. கொஞ்ச காலம் ஜோஹோ யுனிவர்சிட்டி என்றார்கள். இப்போது ஜோஹோ ஸ்கூல்ஸ் ஆஃப் லேர்னிங். ப்ளஸ் டூவோ டிப்ளமோவோ முடித்த, இருபது வயதைத் தாண்டாத பிள்ளைகளுக்கானது. சென்னையிலும் தென்காசிப் பக்கத்திலும் நடக்கிறது. டெக்னாலஜி, டிசைன், பிசினஸ் என்று தனித்தனிப் பிரிவுகள் உண்டு. இரண்டு வருஷம். கட்டணம் கிடையாது, சாப்பாடு அவர்களுடையது, மாதம் 10,000 ரூபாய் ஸ்டைபண்ட். முதல் வருஷம் பெரும்பாலும் வகுப்பு, அடுத்த வருஷம் கம்பெனியின் ஏதாவது ஒரு டீமோடு உட்கார்ந்து வேலை.

டெவலப்பராவதற்கு எது நேர் வழி என்று மட்டும் கேட்டால், நான் தயங்காமல் இதைத்தான் சொல்வேன். காரணம், இங்கே கோடு (ப்ரோக்ராம்) எழுதுவதுதான் படிப்பு. எண் ஒன்றைக் கொடுத்தால் அத்தனை வரியில் நட்சத்திர முக்கோணம் போடு. எண்கள் நிறைந்த கட்டத்தை வெளியிலிருந்து உள்ளே சுருள் சுருளாக வாசி. ரெடிமேட் ஃபங்ஷன் எதையும் தொடாமல் பெயர்களை அகரவரிசைப்படுத்து. ஜோஹோ நேர்காணல் கேள்விகள் என்று மாணவர்கள் மத்தியில் சுற்றுபவை எல்லாம் இந்த ரகம்தான். பார்க்கச் சின்னதாகத் தெரியும். ஆனால் லூப்புக்குள் லூப் (திரும்பத் திரும்ப ஓடும் பகுதி) எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பேப்பரில் போட்டுப் பார்த்து, தப்பு வந்து, திருத்தி, மறுபடி ஓட்டிப் பார்க்கும் பழக்கம் இதில்தான் வருகிறது. நேர்காணலில் லிங்க்ட் லிஸ்டை (தரவுகளைச் சங்கிலி போலக் கோத்து வைக்கும் அமைப்பு) திருப்பிப் போடச் சொன்னால், காலேஜில் இருந்து வருகிற பலர் அது என்னவென்று அழகாக விளக்குவார்கள், எழுத ஆரம்பித்ததும் திணறுவார்கள். தினமும் எழுதிப் பழகியவர்கள் பேசாமல் எழுதிக் காட்டிவிடுவார்கள். வேலை கொடுப்பவருக்குத் தேவை இரண்டாவது ஆள்.

இனி, வெளியே வந்தால் என்ன ஆகும் என்ற கேள்வி. கடன் இல்லை, கட்டணம் இல்லை; இத்தனை வருஷம் இருந்தே ஆக வேண்டும் என்று பாண்டும் கேட்பதில்லை. இந்த வகையில் ஜோஹோவுக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். ஆனால் கையில் டிகிரி இருக்காது. ஜோஹோவுக்கு உள்ளே அது ஒரு பொருட்டில்லை, பி.இ. முடித்தவரும் இங்கே படித்தவரும் ஒரே டீமில் வேலை செய்கிறார்கள். சொந்தமாக சாஃப்ட்வேர் தயாரித்து விற்கும் சென்னை ப்ராடக்ட் கம்பெனிகளிலும் ஓரளவு சமாளித்துவிடலாம். அப்படியொரு கம்பெனியான ஃப்ரெஷ்வொர்க்ஸைத் தொடங்கிய கிரிஷ் மாத்ருபூதம் ஜோஹோவில் இருந்து போனவர்தான். அங்கே என்ன கற்றுத்தருகிறார்கள் என்று தெரிந்தவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர். மற்ற கம்பெனிகளுக்கு ஐடி வேலை செய்து தரும் பெரிய சர்வீஸ் கம்பெனியின் எச்ஆர் படிவத்தில்தான் சிக்கல். டிகிரி, தேர்ச்சி பெற்ற ஆண்டு என்ற கட்டங்களை நிரப்பாமல் அடுத்த பக்கமே போகாது. டிகிரியைக் குறைந்தபட்சத் தகுதியாகக் கேட்கும் டிஎன்பிஎஸ்சி குரூப் 1, வங்கி அதிகாரித் தேர்வுகளும் அப்படியே. அமெரிக்காவின் எச்-1பி விசாவுக்கு டிகிரிக்கு இணையான தகுதி வேண்டும். அங்கே ஒரு வருஷக் கல்லூரிப் படிப்புக்கு மூன்று வருஷ அனுபவம் என்று கணக்கிடுவார்கள். அப்படியானால் நான்கு வருஷ டிகிரிக்குப் பன்னிரண்டு வருஷ அனுபவம் காட்ட வேண்டும்.

சேர்க்கை கடினம், இடங்கள் கொஞ்சம். இதை மட்டும் நம்பி மற்றதை விட்டுவிடக் கூடாது.

டெக்பீ: கையில் எவ்வளவு நிற்கும்?

ஐடி கம்பெனியான எச்சிஎல் 2017-ல் தொடங்கிய திட்டம். ப்ளஸ் டூ முடித்தவர்களுக்குத் தேர்வு வைத்து எடுக்கிறார்கள். ஐடி பிரிவுக்குக் கணிதமோ வணிகக் கணிதமோ படித்திருக்க வேண்டும். ஓராண்டுப் பயிற்சியில் பாதி வகுப்பு, பாதி நடப்பு ப்ராஜெக்டில் இன்டர்ன்ஷிப். இன்டர்ன்ஷிப் மாதங்களில் 10,000 ரூபாய் ஸ்டைபண்ட். பிறகு வேலை, ஆண்டுச் சம்பளம் 1.70 லட்சத்தில் இருந்து 2.20 லட்சம் வரை. வேலையில் இருந்துகொண்டே பிட்ஸ் பிலானி, சாஸ்த்ரா போன்ற பல்கலைக்கழகங்களில் டிகிரி படிக்கலாம். அந்தக் கட்டணத்தில் ஒரு பகுதியைக் கம்பெனி ஏற்கும். ஜோஹோவில் இல்லாத டிகிரி இங்கே கிடைக்கிறது என்பது சின்ன விஷயமல்ல.

ஆனால் பயிற்சிக்குக் கட்டணம் உண்டு. வங்கிக் கடன் வாங்கிக் கட்டிவிட்டு, வேலை கிடைத்தபின் மாதத் தவணையில் அடைக்கலாம். பயிற்சியில் 90 சதவீதத்துக்கு மேல் எடுத்தால் முழுத் தள்ளுபடி, 80-க்கு மேல் என்றால் பாதி என்று வைத்திருக்கிறார்கள். எல்லாப் பிள்ளைகளும் தொண்ணூறு எடுக்க மாட்டார்கள் என்பதால், முழுக் கட்டணமும் கட்டுவதாக வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கட்டணம் ஒரு லட்சம் என்று எடுத்துக்கொள்வோம். 18 சதவீத ஜிஎஸ்டியோடு 1,18,000. பதினொரு சதவீத வட்டியில் மூன்று வருஷத் தவணை என்றால் மாதம் 3,850 ரூபாய்க்குப் பக்கத்தில் வரும். சம்பளம் வருஷத்துக்கு 1.80 லட்சம் என்றால் மாதம் 15,000, பி.எஃப். பிடித்தம் போகக் கையில் பதின்மூன்று, பதின்மூன்றரை ஆயிரம். தவணை போனால் ஒன்பதரை ஆயிரம். சோழிங்கநல்லூரில் சாப்பாட்டோடு பிஜி (தங்கும் விடுதி) ஏழாயிரம் என்றால் மீதி இரண்டரை ஆயிரம் ரூபாய். பஸ், போன் ரீசார்ஜ், சோப்பு, ஊருக்குப் போய்வரும் செலவு எல்லாம் அதற்குள். 'பிள்ளை மாதாமாதம் வீட்டுக்குப் பணம் அனுப்புவான்' என்ற நம்பிக்கையில் சேர்க்கும் குடும்பங்களுக்கு இந்தக் கணக்கை முதலிலேயே காட்டிவிட வேண்டும்.

இதே வேலை மதுரையில் கிடைத்து வீட்டில் இருந்தே போய்வர முடிந்தால் நிலைமை வேறு. இலந்தைக்குளம் எல்காட் வளாகத்தில் எச்சிஎல் அலுவலகம் இருக்கிறது. பிஜி வாடகை இல்லாத ஏழாயிரம் நேரே குடும்பத்துக்குப் போகும். டெக்பீ பற்றி யார் கேட்டாலும் முதலில் 'எந்த ஊரில் போடுவார்கள்?' என்று நான் திருப்பிக் கேட்பது இதனால்தான்.

இன்னொன்றையும் கேட்டே ஆக வேண்டும்: என்ன வேலை? ஐடி கம்பெனியில் வேலை என்றால் கோடு எழுதும் வேலை என்று அர்த்தமில்லை. சர்வர், நெட்வொர்க் பராமரிப்பு, சப்போர்ட், டெஸ்டிங், டேட்டா ப்ராசஸிங் என்று பல பிரிவுகள். எல்லாமே மரியாதையான வேலைகள்தான். ஆனால் ஷிஃப்ட்டில் உட்கார்ந்து டிக்கெட் (பதிவாகும் புகார்) மூடும் வேலையில் மூன்று வருஷம் இருந்தவர் அதற்குப் பிறகு டெவலப்பராக மாறுவது சிரமம். டெவலப்பராவதுதான் குறி என்றால், எந்தப் பிரிவுக்குத் தேர்வானீர்கள் என்று எழுத்தில் தெரியும் வரை முடிவெடுக்காதீர்கள்.

காலேஜோடு ஒப்பிடும்போது மறந்துபோகும் ஒன்று

இந்தத் திட்டங்களை விளக்குபவர்கள் எதிர்ப்பக்கத்தில் எப்போதும் 'காலேஜுக்கு ஐந்து லட்சம், ஆறு லட்சம் செலவு' என்று வைப்பார்கள். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்பவருக்கு அது சரி. ஆனால் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு, 2021-ல் வந்த சட்டப்படி, தொழிற்கல்விப் படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. அதில் பொறியியல் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டுகிறது. கூடவே புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய். அந்தக் குடும்பத்துக்குக் காலேஜ் என்பது செலவே இல்லாத வழி. கடன் வைத்துப் போகும் பயிற்சிதான் செலவுள்ள வழி.

அரசுப் பள்ளிப் பிள்ளை, ஓரளவு கட்-ஆஃப் இருக்கிறது, நல்ல அரசுக் கல்லூரியிலோ அண்ணா பல்கலைக்கழகத் துறைக் கல்லூரியிலோ இடம் கிடைக்கும் என்றால், டெக்பீயை விட அந்த இடத்தைத்தான் எடுக்கச் சொல்வேன். நான்கு வருஷம் சம்பளம் வராது என்பது உண்மை. வீட்டில் இன்றைக்கே ஒரு வருமானம் இல்லாவிட்டால் அடுப்பு எரியாது என்ற நிலை இருந்தால் பேச்சே வேறு. அங்கே யாரும் உபதேசம் செய்ய முடியாது. அந்த நிலை இல்லையென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். மறுபக்கம், கட்-ஆஃப் குறைவு, கிடைக்கிற கல்லூரியில் லேபும் இல்லை, பிளேஸ்மென்ட்டும் இல்லை, பணமும் கட்ட வேண்டும் என்றால், அங்கே போய் அரியர் சேர்ப்பதை விட டெக்பீ பல மடங்கு மேல்.

வில்ப்: பி.எஸ்சி., பி.சி.ஏ. முடித்தவர்களுக்கு

ஐடி கம்பெனியான விப்ரோ 1995-ல் பிட்ஸ் பிலானியோடு சேர்ந்து ஆரம்பித்த ஏற்பாட்டின் தொடர்ச்சி இது. கணிதத்தை ஒரு பாடமாகக் கொண்ட பி.சி.ஏ., பி.எஸ்சி. பட்டதாரிகளை எடுத்து, வேலை பார்த்துக்கொண்டே எம்.டெக். படிக்க வைக்கிறார்கள். படிப்புச் செலவு முழுக்கக் கம்பெனியுடையது. அண்மை ஆண்டுகளின் அறிவிப்புப்படி முதல் வருஷம் மாதம் 15,000 ரூபாய் அளவில் ஆரம்பித்து நான்காம் வருஷம் 23,000 வரை போகும். சேரும்போது 75,000 ரூபாய் கொடுப்பார்கள். அறுபது மாதத்துக்குள் விலகினால் மீதிக் காலத்துக்கு ஏற்றபடி அதைத் திருப்பிக் கட்ட வேண்டும்.

பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு 'பி.எட். போகலாமா' என்று நிற்கிற பெண்கள் பலருக்கு இது நல்ல வாசல். எம்.டெக். என்பது வெளியே எங்கே போனாலும் கேள்வி கேட்காமல் ஏற்கப்படும் பட்டம். வெளியேறும் செலவும் எழுபத்தைந்தாயிரத்துக்குள் அடங்கும், வருஷம் ஏற ஏறக் குறையும். குறை என்னவென்றால், ஐந்து வருஷம் நீளம். அதே ஐந்து வருஷத்தில் வெளியே இரண்டு கம்பெனி மாறியவர் சம்பளத்தில் எங்கேயோ போயிருப்பார். வார நாட்களில் ப்ராஜெக்ட், வார இறுதியில் வகுப்பு என்று ஓடும் களைப்பும் சேரும். என்னைக் கேட்டால், மூன்றாம் வகைக் கல்லூரியில் சொந்தக் காசில் எம்.சி.ஏ. படிப்பதை விட இது மேல்.

அரசின் அப்ரண்டிஸ் திட்டம்

1961-ம் ஆண்டின் அப்ரண்டிஸ் (தொழில் பழகுநர்) சட்டப்படி நடப்பது. தென் மாநிலங்களுக்கான அப்ரண்டிஸ் பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. பட்டதாரிகளுக்கும் டிப்ளமோ முடித்தவர்களுக்கும் நாட்ஸ் என்ற மத்திய அரசின் அப்ரண்டிஸ் இணையதளத்தில் பதிவு செய்து ஓராண்டுப் பயிற்சி. முப்பது பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனங்கள் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ்களை வைத்துக்கொள்ள வேண்டும் என்று விதி. 2019-ல் திருத்திய விதி குறைந்தபட்ச ஸ்டைபண்டைப் பட்டதாரிக்கு 9,000, டிப்ளமோவுக்கு 8,000 ரூபாய் என்று வைத்தது; நாட்ஸில் அந்தக் குறைந்தபட்சத் தொகையில் பாதியை மத்திய அரசு கொடுக்கும்.

சட்டத்தில் இரண்டு பிரிவுகளைச் சேரும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். 18-வது பிரிவுப்படி அப்ரண்டிஸ் 'பயிற்சி பெறுபவர்', தொழிலாளி அல்ல. ஊழியர்களுக்கான பி.எஃப். உரிமை இதில் வராது. 22-வது பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் தனியாக எழுதியிருந்தால் ஒழிய, பயிற்சி முடிந்ததும் வேலை கொடுக்கும் கடமை முதலாளிக்கு இல்லை. சேர்ந்தே ஆக வேண்டிய கடமை உங்களுக்கும் இல்லை. வருஷா வருஷம் புது அப்ரண்டிஸ்களை எடுத்து, பழையவர்களை அனுப்பிவிட்டு, பாதி ஸ்டைபண்டை அரசு ஏற்பதில் லாபம் பார்க்கும் இடங்களும் இருக்கத்தான் செய்கின்றன. போன வருஷ அப்ரண்டிஸ்களில் எத்தனை பேர் இன்று அங்கே வேலையில் இருக்கிறார்கள் என்று உள்ளே இருப்பவர் ஒருவரிடம் விசாரித்தால் போதும், தெரிந்துவிடும்.

பி.இ. முடித்துவிட்டு வேலை இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கும் வருஷத்துக்கு இது நல்ல மாற்று. அனுபவம், சான்றிதழ், கொஞ்சம் பணம், பாண்ட் இல்லை. ப்ளஸ் டூ முடித்தவரின் முதல் தேர்வாக இதை நான் சொல்ல மாட்டேன்.

கையெழுத்துப் போடும் முன்

பாண்ட் விஷயத்தில் குடும்பங்களிடம் இரண்டு வகைத் தவறான எண்ணம் இருக்கிறது. 'கோர்ட்டுக்குப் போனால் செல்லாது, தைரியமாகப் போடு' என்பார்கள் சிலர். 'போட்டால் அடிமைச் சாசனம்' என்பார்கள் வேறு சிலர். இரண்டும் சரியில்லை. விஜயா வங்கி வழக்கில் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், மூன்று வருஷத்துக்குள் விலகினால் இரண்டு லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையைச் செல்லும் என்று தீர்ப்பளித்தது. வேலையில் இருக்கும் காலத்துக்கான நிபந்தனை வேறு, விலகியபின் வேறு எங்கும் வேலை செய்யாதே என்று தடுப்பது வேறு. இரண்டாவதைத்தான் ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவு தடுக்கிறது. ஆக, தொகை எவ்வளவு, அது மாதத்துக்கு மாதம் குறைகிறதா, கம்பெனியே அனுப்பிவிட்டாலும் கட்ட வேண்டுமா – இந்த மூன்றையும் தாளில் விரலை வைத்துத் தேடிப் பாருங்கள். கடைசிக் கேள்விக்கான பதில் பல ஒப்பந்தங்களில் தெளிவாக எழுதப்பட்டிருக்காது. எழுதித் தரச் சொல்லுங்கள்.

ப்ளஸ் டூ முடிக்கும் பிள்ளைக்குப் பெரும்பாலும் பதினேழு வயதுதான். பதினெட்டு ஆகாதவர் போடும் ஒப்பந்தம் செல்லாது. அதனால்தான் பெற்றோரைக் கையெழுத்துக்குக் கூப்பிடுகிறார்கள். கடனுக்கும் பாண்டுக்கும் பொறுப்பாளியாவது அப்பாவோ அம்மாவோதான். ஆங்கிலத்தில் இருக்கிறதே என்று நீட்டிய இடத்தில் போட்டுவிட வேண்டாம். ஒரு நாள் அவகாசம் கேட்டு, தெரிந்த ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள். அவகாசம் தராத இடத்தில் சேர வேண்டாம்.

ஒரிஜினல் சான்றிதழை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தரட்டும். 'டெபாசிட் கட்டினால் ட்ரெய்னிங், பிறகு எம்என்சியில் வேலை' என்று சொல்லும் கன்சல்டன்சிகள் எந்தக் கம்பெனியின் ஸ்பான்சர் திட்டமும் அல்ல. கம்பெனியின் சொந்த இணையதளத்தில் அந்தத் திட்டம் இருக்கிறதா என்று பார்த்தாலே பாதி ஏமாற்று அங்கேயே நின்றுவிடும்.

டிகிரி இல்லாத குறையைச் சரிகட்ட

ஜோஹோ வழியில் போகிறவருக்கு நான் கட்டாயமாகச் சொல்வது, கூடவே ஒரு டிகிரியைத் தொடங்கிவிடுங்கள் என்பதுதான். சென்னை ஐஐடி 2020-ல் கொண்டுவந்த டேட்டா சயின்ஸ் பி.எஸ். படிப்பு இதற்கு நன்றாகப் பொருந்தும். ஜேஇஇ நுழைவுத் தேர்வு தேவையில்லை; நான்கு வாரப் பாடத்தை முடித்துத் தகுதித் தேர்வில் தேறினால் சேரலாம். பாடங்கள் ஆன்லைனில், தேர்வுகள் நேரில். அடிப்படைச் சான்றிதழ், டிப்ளமோ, மூன்று வருஷப் பட்டம், நான்கு வருஷப் பட்டம் என்று படிப்படியாக வெளியே வரலாம். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கும் பட்டியல் சமூகத்தினருக்கும் 75 சதவீதம் வரை கட்டணச் சலுகை உண்டு. படிப்பு சுலபமில்லை, கணிதமும் புள்ளியியலும் கடுமையாக இருக்கும். முடியாது என்று தோன்றினால் இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் பி.சி.ஏ. போதும், எச்ஆர் படிவத்தின் அந்தக் கட்டம் நிரம்பிவிடும். பயிற்சியின் முதல் சில மாதங்களை விட்டுவிட்டு, கை கொஞ்சம் பழகியதும் ஆரம்பிக்கச் சொல்லுங்கள். மூன்று வருஷம் கழித்து, சம்பளம் ஏறிய பிறகு யாரும் ஆரம்பிப்பதில்லை.

இவற்றில் எதற்கு விண்ணப்பித்தாலும் டிஎன்இஏ (தமிழ்நாடு பொறியியல் சேர்க்கை) பதிவை மட்டும் விட்டுவிடாதீர்கள். கம்பெனித் தேர்வுகளின் முடிவு எப்போது வரும் என்று சொல்ல முடியாது. கவுன்சலிங் பதிவுக்குக் கடைசித் தேதி உண்டு, தவறினால் அந்த வருஷம் போனதுதான். பதிவுக் கட்டணம் 500 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளுக்கு 250. முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கும் சாதிச் சான்றிதழுக்கும் ரிசல்ட் வரும் முன்பே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வைத்துவிடுங்கள். மே, ஜூனில் அங்கே கூட்டம் தாங்காது.